இரண்டு சென்ட்

1920களில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஒருவருக்கு இசைத்தட்டு வேண்டுமென்றால் பெரும்பாலும் மேசை நாற்காலி விற்கும் கடைக்குத்தான் போவார். கிராமபோன் அன்று ஒரு மரச்சாமான். கட்டில், பீரோ வரிசையில் அதுவும் தவணையில் கிடைத்தது. பெட்டியை விற்றவர் அதில் சுற்றுவதற்குத் தட்டும் விற்றாக வேண்டும். நியூயார்க்கிலிருந்து வந்த தட்டுகளில் இருந்ததோ ஓபராவும் நகரத்து நடன இசையும். ஜார்ஜியாவில் பருத்தி போடுகிறவருக்கு அது எங்கே ஒட்டும்?

அட்லாண்டாவில் மரச்சாமான் கடைக் குடும்பத்தைச் சேர்ந்த போல்க் ப்ராக்மன் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். 1923 ஜூனில் ஓக்கே கம்பெனியின் ஒலிப்பதிவு ஆட்களை ஊருக்கே வரவழைத்தார். ஒரு காலிக் கட்டடத்தில் கருவிகளை இறக்கி, ஃபிடில் போட்டிகளில் பேர் பெற்ற ஜான் கார்சனை வாசித்துப் பாட வைத்தார்கள். கம்பெனி சார்பில் வந்திருந்த ரால்ஃப் பியருக்கு அந்தக் குரல் சகிக்கவில்லை. ப்ராக்மன் 500 தட்டு கேட்டார். சரி, இவருக்கு மட்டும் என்று, பட்டியலில் சேர்க்காமல் அச்சடித்துக் கொடுத்தார்கள். தட்டுகள் தீர்ந்த வேகத்தைப் பார்த்த பியர், அதற்குப் பிறகு தன் காதைவிடக் கடைக்காரரின் கல்லாவை அதிகம் நம்பினார்.

இதே கம்பெனி மூன்று ஆண்டுகளுக்கு முன், 1920 ஆகஸ்டில், மேமி ஸ்மித்தைக் கொண்டு 'க்ரேஸி ப்ளூஸ்' பதிவு செய்து, கறுப்பின மக்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பதைக் கண்டுகொண்டிருந்தது. அதிலிருந்து பட்டியல் இரண்டாகப் பிரிந்தது. கறுப்பர்கள் பாடினால் 'ரேஸ்', வெள்ளையர்கள் பாடினால் 'ஹில்பில்லி'. கிராமத்துத் திண்ணையில் இரு நிறத்தாரும் ஒரே பாட்டை வாசித்துக்கொண்டிருந்தது பட்டியல் போட்டவர்களுக்குப் பொருட்டில்லை. ப்ளூஸ், கன்ட்ரி என்று இன்று நாம் இரண்டு அலமாரிகளில் வைப்பதில் பாதி, அந்தக் குமாஸ்தாக்களின் வேலைதான்.

இந்தத் தொழிலில் யார் பிழைத்தார்கள், யார் மறுபடி வயலுக்குப் போனார்கள் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1909ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம். அப்போது பெரிய வழக்காக இருந்தது இசைத்தட்டுகூட இல்லை. தானாக வாசிக்கும் பியானோவில் ஓடும் துளையிட்ட காகிதச் சுருள். அந்தச் சுருளானாலும் தட்டானாலும், பிரதி ஒன்றுக்கு, பாட்டு ஒன்றுக்கு 2 சென்ட் பாட்டின் உரிமையாளருக்குத் தர வேண்டும் என்று சட்டம் சொன்னது. பாடியவருக்கு? ஒன்றுமில்லை. தட்டில் பதிந்த குரலுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பு 1972இல்தான் வந்தது. அதுவரை குரலுக்குக் கூலி உண்டு, உரிமை கிடையாது. 75 சென்டுக்கு விற்ற ஒரு தட்டின் ஒரு பக்கத்துக்கு 2 சென்ட் என்பது பார்வைக்கு அற்பம். தட்டு லட்சக்கணக்கில் போனால் அது ஒரு பண்ணைக்குச் சமம்.

இதைப் பியர் எல்லோருக்கும் முன்பே புரிந்துகொண்டார். ஓக்கேயை விட்டு விக்டர் கம்பெனிக்கு வந்தபோது, சம்பளமே வேண்டாம், பதிவாகும் பாட்டுகளின் பதிப்புரிமை மட்டும் என்னிடம் இருக்கட்டும் என்றார். கம்பெனிக்கும் மகிழ்ச்சி, சம்பளம் மிச்சம். ஆனால் இதில் ஒரு கண்டிப்பு இருந்தது. ஊரெல்லாம் பாடும் பழம்பாட்டுக்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆகவே பியர் தேடியது பழையதுபோல ஒலிக்கிற, ஆனால் இன்னும் யார் பேரும் ஏறாத பாட்டுகளை.

1927 ஜூலை 25ஆம் தேதி அவர் பிரிஸ்டலில் கடை விரித்தார். டென்னசி, வர்ஜீனியா எல்லையில் அமைந்த ஊர். கடைத்தெருவின் ஒரு பக்கம் ஒரு மாநிலம், எதிர்ப்பக்கம் இன்னொன்று. முன்பு தொப்பிக் கம்பெனி இருந்த ஒரு கட்டடத்தில் பதிவு நடந்தது. முதல் சில நாள் கூட்டம் சுமார்தான். பிறகு உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது: ஏற்கெனவே தட்டுகளில் பாடிவந்த எர்னஸ்ட் ஸ்டோன்மனுக்கு முந்தைய ஆண்டு தட்டு வருமானம் மட்டும் 3,600 டாலர். ஒரு தச்சருக்கு இவ்வளவா என்று மலைக்கிராமங்கள் திடுக்கிட்டன. அதன் பிறகு பியருக்கு ஆள் தேடும் வேலை இல்லை. ஆகஸ்ட் 5 வரை 19 குழுக்கள், 76 பதிவுகள்.

அந்தக் கூட்டத்தில்தான் கார்ட்டர் குடும்பம் வந்தது. ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல். மேபெல் சாராவுக்கு ஒன்றுவிட்ட தங்கையும்கூட. வயது 18, நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். சாராவின் இடுப்பில் பால்குடிக் குழந்தை. தம்பியின் காரை இரவல் வாங்கிக்கொண்டு மலைப்பாதையில் வந்து சேர்ந்தார்கள். இரண்டு நாளில் ஆறு பாட்டு. பாட்டுக்கு 50 டாலர். இரண்டு நாள் கழித்து மிசிசிப்பியின் மெரிடியன் ஊர்க்காரரான முன்னாள் ரயில்வே பிரேக்மன் ஒருவர், தன் குழுவோடு பேர் வைப்பதில் சண்டை போட்டுக்கொண்டு, தனியாக இரண்டு பாட்டு பாடிவிட்டுப் போனார். அவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். காசநோயோடு பாடிய அவருக்குக் கிடைத்தது ஆறே ஆண்டு. 1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசிப் பதிவின்போது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் படுக்க ஸ்டுடியோவில் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். அந்த மாதமே, 35 வயதில், ஹோட்டல் அறையில் இறந்தார்.

பியரைக் கொள்ளைக்காரர் என்று சொல்லிவிடுவது சுலபம். முழு நியாயமல்ல. அன்றைய வழக்கம் ரொக்கத்தைக் கையில் கொடுத்து அனுப்புவது. அதோடு கணக்கு தீர்ந்தது. பியர் ரொக்கமும் கொடுத்தார், ராயல்டியில் ஒரு பங்கும் கொடுத்தார். பெரும்பங்கு அவரிடமே நின்றது, அவ்வளவுதான்.

புதுப்பாட்டு வேண்டும் என்ற அவரது நெருக்கடி ஏ.பி. கார்ட்டரைத் தெருவில் இறக்கியது. ஊர் ஊராகப் போய், யாராவது பாட்டி பாடுவதைக் கேட்டு, வரிகளை எழுதிக்கொண்டு வருவார். அவருக்குச் சொற்கள் பிடிபடும், மெட்டு நிற்காது. 1928இல் கிங்ஸ்போர்ட்டில் அதற்கு ஒரு ஆள் கிடைத்தார்: லெஸ்லி ரிடில், கறுப்பின இளைஞர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு கால் போனது. துப்பாக்கி விபத்தில் வலக்கையில் இரண்டு விரல் போனது. மிச்ச விரல்களை வைத்துக்கொண்டு அவர் கிட்டாரில் எழுப்பிய ஒலியை மேபெல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகினார். ஏ.பி.யும் ரிடிலும் காரில் கிளம்புவார்கள். ஒரு வீட்டில் பாட்டுக் கிடைத்தால் ஒருவர் காகிதத்தில் எழுதுவார், மற்றவர் மெட்டை மனதில் பதித்துக்கொள்வார். திரும்பி வந்து ரிடில் வாசித்துக் காட்ட, சாராவும் மேபெலும் கற்றுக்கொள்வார்கள்.

நிற வேற்றுமை சட்டமாகவே இருந்த நாட்டில், ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பரும் ஒரே வண்டியில் பாட்டுத் தேடிப் போன கதை இது. அந்தப் பாட்டுகள் தட்டாக வந்தபோது ஆசிரியர் பேர் ஏ.பி. கார்ட்டர். ரிடில் 1940களில் வடக்கே ராசெஸ்டருக்குக் குடிபெயர்ந்தார், கிட்டாரையும் விற்றுவிட்டார். 1965இல் மைக் சீகர் என்ற பாடகர், மேபெல் சொன்னதைக் கேட்டுத் தேடிப் போகும்வரை அவரை யாரும் பேட்டி காணவில்லை.

இனி நாற்காலிக் கம்பெனி. விளையாட்டல்ல: ப்ளூஸ் வரலாற்றின் மிக அரிய தட்டுகள் பலவற்றை வெளியிட்ட பாராமவுன்ட், விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்த ஒரு நிறுவனத்தின் கிளை. கிராமபோனுக்கு மரப்பெட்டி செய்து கொடுத்தவர்கள் அப்படியே தட்டுத் தொழிலுக்குள் நுழைந்தார்கள். இசைமேல் அவர்களுக்குப் பெரிய காதல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. தட்டின் சரக்கே மட்டம், ஊசி வைத்தால் இரைச்சல்தான் முதலில் கேட்கும். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் இசைக்கடை வைத்திருந்த எச்.சி. ஸ்பியர் ஆள் பிடித்துக் கொடுப்பார். கடைக்கு வருகிறவரைப் பாடச் சொல்லிக் கேட்பார். தேறினால் ரயில் ஏற்றிவிடுவார். அப்படி வடக்கே போனவர்களில் ஒருவர் ஸ்கிப் ஜேம்ஸ். 1931 பிப்ரவரிக் குளிரில் கிராஃப்டன் ஊரில் 18 பக்கங்கள் பாடினார். பொருளாதார வீழ்ச்சிக் காலம்; தட்டு வாங்க யாரிடமும் காசில்லை. சொற்பத் தொகையோடு ஊர் திரும்பியவர் பாட்டை விட்டுத் தேவாலயப் பக்கம் போனார்.

மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் கதை இன்னும் எளிமையானது. அவலான் என்ற குக்கிராமத்தில் வாரத்துக்கு உழுதவர். பக்கத்து ஊர் வெள்ளை ஃபிடில்காரர் ஒருவர் இவர் பேரைச் சொல்ல, 1928இல் ஓக்கே கம்பெனி முதலில் மெம்ஃபிஸுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் கூப்பிட்டது. பாட்டுக்கு 20 டாலர் அளவில் கூலி, வழிச்செலவு தனி. நியூயார்க்கில் ஊர் ஞாபகம் வந்து ஊரின் பேரிலேயே ஒரு பாட்டு கட்டினார். தட்டுகள் ஓடவில்லை. ஹர்ட் திரும்பிப் போய் மாடு மேய்த்தார், பருத்தி எடுத்தார். 35 ஆண்டு.

1963இல் பழைய தட்டுப் பைத்தியங்களில் ஒருவரான டாம் ஹாஸ்கின்ஸ், அந்த ஊர்ப்பாட்டைக் கேட்டுவிட்டு வரைபடத்தில் அவலானைத் தேடினார். புதிய வரைபடத்தில் இல்லை, பழையதில் இருந்தது. காரில் போய் ஊர்க்கடையில் விசாரித்தால், அதோ அந்த வீடு என்று கையைக் காட்டினார்கள். வாசலில் வந்து நின்ற வெள்ளைக்கார இளைஞரைப் பார்த்து எஃப்பிஐ ஆள் என்று ஹர்ட் பயந்துபோனார். அன்றைய மிசிசிப்பியில் அந்தப் பயம் மிகையில்லை. அவரிடம் அப்போது சொந்தமாக ஒரு கிட்டார்கூட இல்லை. அதே கோடையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில் உட்கார்ந்து, தலையில் தொப்பியோடு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடுவதுபோல மெல்லப் பாடினார். மூன்று ஆண்டு அந்த வாழ்வு. 1966 நவம்பரில் காலமானார்.

ஸ்கிப் ஜேம்ஸை, ஹர்ட் கிடைத்த மறு ஆண்டே, மிசிசிப்பியின் ட்யூனிகா மருத்துவமனைக் கட்டிலில் கண்டுபிடித்தார்கள். 1966இல் இங்கிலாந்தின் க்ரீம் குழு அவரது பழைய பாட்டொன்றைப் பாடி, ஆசிரியர் பேரையும் ஒழுங்காகப் போட்டது. அந்த ராயல்டி அவரது கடைசிக்கால மருத்துவச் செலவுக்கு ஆனது.

அதுவரை தட்டிலேயே பாடாதவருக்கும் இந்த இரண்டு சென்ட் வழக்கு வந்தது. எலிசபெத் காட்டன் வட கரோலினாக்காரர். இடதுகைப் பழக்கம், வலதுகைக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலால் ராகமும் மற்ற விரல்களால் தாளமும் வாசித்தவர். சிறுமியாக இருக்கும்போது ரயில் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். பிறகு கல்யாணம், வீட்டு வேலை; கிட்டார் மறந்தே போயிற்று. வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது, தொலைந்துபோன ஒரு குழந்தையைத் தாயிடம் சேர்த்தார். அந்தத் தாய் இசையமைப்பாளர் ரூத் க்ராஃபர்ட் சீகர். காட்டனைத் தன் வீட்டு வேலைக்கு அழைத்துக்கொண்டார். சுவரில் தொங்கிய கிட்டாரை ஒருநாள் காட்டன் எடுத்து வாசிக்க, வீடே திகைத்தது. தொலைந்த அந்தக் குழந்தை பெகி சீகர் வளர்ந்து, 1950களில் அந்த ரயில் பாட்டை இங்கிலாந்தில் பாடினார். அங்கே கேட்டவர்கள் அதைத் தங்கள் பேரில் பதிந்துகொண்டார்கள். 1957இல் சாஸ் மெக்டெவிட் குழு பாடி அது பெரிய வெற்றி. காட்டனோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சீகர் குடும்பம் தலையிட்ட பிறகுதான் பேர் திரும்பியது. ரிடிலைத் தேடிப்போன மைக், பெகியின் அண்ணன். காட்டனின் முதல் தட்டைப் பதிவு செய்தவரும் அவரே. 1985இல், 90 வயதையொட்டி, காட்டனுக்கு கிராமி விருது.

எல்லோருக்கும் இப்படி ஒரு சீகர் வீடு வாய்க்கவில்லை. ஆர்தர் "பிக் பாய்" க்ரூடப் மிசிசிப்பியிலிருந்து சிகாகோ வந்து, மேம்பால ரயில்பாதைக்கு அடியில் ஒரு மரப்பெட்டிக்குள் குடியிருந்தவர். லெஸ்டர் மெல்ரோஸ் என்ற தரகர் அவரைக் கண்டெடுத்தார். பாட்டுகளின் உரிமை மெல்ரோஸிடம் போனது. 1946இல் க்ரூடப் பாடிய 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டை 1954 ஜூலையில் மெம்ஃபிஸில் ஒரு 19 வயதுப் பையன் பாடினான். எல்விஸ் ப்ரெஸ்லியின் முதல் தட்டு. பாட்டின் ஆசிரியர் க்ரூடப் என்று லேபிளிலேயே அச்சாகியிருந்தது. காசு மட்டும் வரவில்லை. வெறுத்துப்போய் பாட்டை நிறுத்தியவர், வர்ஜீனியாவில் பண்ணைக் கூலிகளோடு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

அவருக்கு மேலாளராக வந்த டிக் வாட்டர்மன் பாட்டுகளின் உரிமையை வைத்திருந்த பதிப்பு நிறுவனத்தோடு ஆண்டுக்கணக்கில் வாதாடி, 1971இல் 60,000 டாலருக்கு ஒரு சமரசம் எட்டினார். க்ரூடப் பிள்ளைகளோடு நியூயார்க் போனார். காகிதங்களில் கையெழுத்துப் போட்டார். எதிர்க் கையெழுத்துக்காக வக்கீல் உள்ளே எடுத்துப் போனார். வெறுங்கையோடு திரும்பினார்: நிறுவன முதலாளி போட மறுத்துவிட்டார், வழக்குப் போட்டாலும் இவ்வளவு கொடுக்க வேண்டியிராது என்பது அவர் கணக்கு. வந்த வழியே எல்லோரும் வீடு திரும்பினார்கள். 1974 மார்ச்சில் க்ரூடப் இறந்தார். பிற்பாடு அந்தப் பதிப்பு நிறுவனம் கைமாறும் வேளையில், தீராத வழக்கோடு விற்க முடியாது என்ற நிலை வந்தபோது, வாரிசுகளுக்குப் பணம் வரத் தொடங்கியது. 1978இல் அமலான புதிய சட்டம், 1909இலிருந்து அசையாமல் நின்ற அந்த இரண்டு சென்டை இரண்டே முக்கால் சென்ட் ஆக்கியது.