மிக்சி பழுதுபார்த்தல்

மிக்சி அல்லது மின்னரைப்பான் என்பது சட்னி, மசாலா, மாவு முதலியவற்றை அரைக்கப் பயன்படும் வீட்டு மின்கருவி ஆகும். இதில் ஏற்படும் பழுதுகளுள் பல எளியவை. திருப்புளியும் பன்மானியும் (மல்டிமீட்டர்) கொண்டு வீட்டிலேயே சரிசெய்யத்தக்கவை. சில பழுதுகள் மின்னதிர்ச்சிக்கும் தீக்கும் காரணமாகக்கூடியவை. எனவே இவ்விரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது.

== பின்னணி ==
இந்தியச் சமையலின் காய்ந்த மிளகாய், மஞ்சள், ஊறவைத்த பருப்பு போன்றவற்றை அரைக்க மேலைநாட்டுக் கலக்கிகளின் மின்னோடிகள் போதுமானவையாக இல்லை. இதற்கேற்ற வலுவான மின்னோடியுடன் 1960களில் சுமீத் மிக்சி இந்தியாவில் உருவாக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தின் மூலம் இக்கருவி எளிய குடும்பங்களையும் சென்றடைந்தது.

== அமைப்பு ==
மிக்சியில் இருப்பது தொடர்ச்சுற்று வகை மின்னோடி ஆகும். 50 ஏர்ட்சு மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் தூண்டல் மின்னோடி நிமிடத்திற்கு 3000 சுற்றுகளைத் தாண்ட இயலாது. தொடர்ச்சுற்று மின்னோடிக்கு இவ்வரம்பு இல்லை. ஆகவே சுமையற்ற நிலையில் மிக்சி 18,000 சுற்றுகளுக்கு மேலும் சுழலக்கூடும். இந்த வேகத்திற்கான விலையாக, சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் இரண்டு கரித்தூரிகைகள் (கார்பன் பிரஷ்) உராய்ந்து தேய்கின்றன.

மின்னோடியின் சுழற்சியை ஜாரின் கத்திக்குக் கடத்துவது கப்ளர் ஆகும். இது பெரும்பாலும் நைலான் அல்லது இரப்பரால் ஆனது. ஜார் சிக்கிக்கொள்ளும்போது மின்னோடிக்கு முன்பாகத் தான் உடைந்து அதைக் காப்பதும் இதன் பணியாகும்.

== பாதுகாப்பு ==
* திறப்பதற்கு முன் செருகியைக் கழற்றிவிட வேண்டும். சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. கம்பிகள் இடம்மாறி இணைக்கப்பட்டிருந்தால், அணைத்த பின்னும் கருவிக்குள் 230 வோல்ட்டு இருக்கும்.
* மூன்று முனைச் செருகியின் புவி முனையை நீக்கிவிட்டு இரு முனைத் துளையில் பயன்படுத்துதல் கூடாது. குறிப்பாக, உலோக உடல் கொண்ட பழைய மிக்சிகளில் இது உயிருக்கு ஆபத்தானது.
* தொட்டால் 'சுர்' என மின்சாரம் உணரப்படும் மிக்சியை உடனடியாக நிறுத்திவிட வேண்டும்.
* உத்தரவாதக் காலத்திற்குள் இருக்கும் கருவியைத் திறந்தால் உத்தரவாதம் பொதுவாக இரத்தாகும்.

== பொதுவான பழுதுகள் ==

=== முற்றிலும் இயங்காமை ===
முதலில் அதே துளையில் வேறொரு கருவியைச் செருகிச் சோதிக்க வேண்டும். அடுத்து மிக்சியின் அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். இது மிகைச்சுமைக் காப்பான் ஆகும். மின்னோடி அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும்போது தானே துண்டிக்கும். சில நிமிடங்கள் ஆறவிட்ட பின்னரே இதை அழுத்துதல் வேண்டும். இது அடிக்கடி துண்டித்தால் பழுது காப்பானில் இல்லாமல் சுமையிலோ மின்னோடியிலோ இருக்கலாம். காப்பானை நீக்கிக் கம்பிகளை நேரடியாக இணைப்பது சுருளை எரித்துவிடும்.

அதன் பின்னும் இயங்காவிடில், மின்கம்பி கருவிக்குள் நுழையும் வளைவு, சுவிட்ச், கரித்தூரிகைகள் ஆகியவற்றை இவ்வரிசையில் பன்மானியால் சோதிக்கலாம். ஒரு வேகத்தில் மட்டும் இயங்கவில்லை எனில் சுவிட்சின் தொடுமுனையே பெரும்பாலும் காரணமாகும்.

=== உறுமல் மட்டும் கேட்டல் ===
உடனே அணைத்து, ஜாரைக் கழற்றிவிட்டு இயக்கிப் பார்க்க வேண்டும். அப்போது நன்றாகச் சுழன்றால் பழுது ஜாரில் உள்ளது. கத்தியின் அச்சைத் தாங்கும் புஷ் பகுதியில் உணவுத்துகள் இறுகியிருக்கலாம். வெந்நீரில் ஊறவைத்து, கப்ளர் பக்கமாகக் கையால் சுழற்றினால் பெரும்பாலும் இளகிவிடும்.

=== மின்னோடி சுழன்றும் கத்தி சுழலாமை ===
கப்ளர் உடைந்துள்ளது அல்லது அதன் பற்கள் தேய்ந்துள்ளன. பழைய கப்ளரைக் கழற்ற, மின்னோடி அச்சின் கீழ்முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மின்னோடி சுழலும் திசையிலேயே கப்ளரைத் திருக வேண்டும். இயங்கும்போது தானாக இறுகும்படி மரை அமைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். எதிர்த்திசையில் திருகினால் மேலும் இறுகும்.

=== ஜாரின் அடியில் ஒழுகுதல் ===
புஷ், அதன் நீர்க்காப்பு வளையம் ஆகியவை தேய்ந்ததன் அறிகுறி இதுவாகும். கத்தியை அசைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரியும். இதைப் புறக்கணித்தால் கறுத்த எண்ணெயும் உலோகத்துகளும் உணவில் கலக்கும். ஒழுகும் நீர் மின்னோடிக்குள் இறங்கும். புஷ்ஷை அழுத்திப் பொருத்தக் கருவி தேவைப்படுவதால் இதைக் கடையில் மாற்றுவது நல்லது.

=== மிகுந்த தீப்பொறி ===
தூரிகைகள் இருக்குமிடத்தில் சிறு நீலப்பொறி இயல்பானது. பொறி பெரிதாக இருந்தால் தூரிகைகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சுமார் 6 மி.மீ. நீளத்திற்குக் குறைந்திருந்தால் இரண்டையும் ஒருங்கே மாற்ற வேண்டும். புதிய தூரிகைக்குப் பின்னும் பொறி வளையம்போல் முழுவதும் சுற்றி வந்தால் சுழலி பழுதுற்றிருக்கக்கூடும். இது வீட்டில் சரிசெய்யத்தக்கதன்று.

== தவறான நம்பிக்கை ==
கல் உப்பை அரைத்தால் கத்தி கூராகும் எனப் பரவலாக நம்பப்படுகிறது. உப்பு, துருவேறா எஃகை விட மிகவும் மென்மையானது. எனவே படிந்த பிசுக்கை அது நீக்கலாமே தவிர, மழுங்கிய விளிம்பைத் தீட்டாது.

== மூடுவதற்கு முன் ==
பழுது நீக்கிய பின், செருகியின் புவி முனைக்கும் மற்ற இரு முனைகளுக்கும் இடையே பன்மானியால் சோதிக்க வேண்டும். தொடர்பு காட்டினால் கருவியில் மின்கசிவு உள்ளது, இணைக்கக் கூடாது. தொடர்பு இல்லையெனில் முதலில் ஜார் இன்றிச் சில நொடிகள் இயக்கிப் பார்க்கலாம்.

== இவற்றையும் பார்க்கவும் ==
* மின்னோடி
* அம்மி
* ஆட்டுக்கல்
* புவித்தொடுப்பு