எவரையும் தோற்கடிக்காத விருது

விருது என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பது போட்டியே. ஒருவர் வெல்ல வேண்டுமாயின் மற்றவர் தோற்றாக வேண்டும். ஆனால், எவரையும் தோற்கடிக்காமல் பெறத்தக்க விருது ஒன்று உண்டு. 1956-இல் பிரிட்டனில் தொடங்கப்பெற்ற எடின்பரோ கோமகன் விருதுத் திட்டமே அது. அதன் வேரோ, செர்மனியின் இருண்டதொரு காலத்தில் உள்ளது.

1886-இல் பெர்லினில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த கல்வியாளர் கூர்ட் ஹான், 1920-இல் சாலம் பள்ளியை நிறுவியவர்களுள் ஒருவர். 1932 ஆகஸ்டில் பொட்டெம்பா என்னும் சிற்றூரில் தொழிலாளி ஒருவரை அவர்தம் தாயின் கண்ணெதிரே நாத்சிகள் அடித்துக் கொன்றனர். மரண தண்டனை பெற்ற ஐவர்க்கும் ஆதரவு தெரிவித்துத் தந்தி அனுப்பினார் இட்லர். ஹான் வாளாவிருக்கவில்லை. சாலமா, இட்லரா எனத் தேர்ந்துகொள்ளுமாறு தம் பழைய மாணவர்க்கு மடல் விடுத்தார். 1933-இல் சிறைப்பட்டு, விடுதலையான பின் பிரிட்டனில் புகலடைந்தார்.

1934-இல் ஸ்காட்லாந்தில் அவர் நிறுவிய கார்டன்ஸ்டன் பள்ளியின் மாணவரே பின்னாளில் எடின்பரோ கோமகனான பிலிப். 1936-இல் ஹான் அங்குத் தொடங்கிய மோரே சின்னமே விருதுக்கு முன்னோடி. விருதின் முதல் இயக்குநர் ஜான் ஹண்ட், 1953-இல் எவரெஸ்ட் குழுவை வழிநடத்தியவர். தாம் சிகரம் ஏறாது, பிறர் ஏறும்பொருட்டுச் சுமை தூக்கியவர். முதலில் சிறுவர்க்கு மட்டுமே உரியதாயிருந்த திட்டம், 1958-இல் சிறுமியர்க்கும் திறக்கப்பட்டது. இன்று அது நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் பரவியுள்ளது.

வெண்கலம், வெள்ளி, தங்கம் என்பன அதன் படிகள். பிறர்க்குத் தொண்டு, உடற்பயிற்சி, கைத்திறன், பயணம் ஆகியவற்றில் இளைஞர் தம் நேற்றைய நிலையைத் தாமே கடக்க வேண்டும். அடுத்தவரோடு ஒப்பீடு இல்லை.

இட்லரும் இளைஞரின் உடலை உரமாக்கினார், ஒழுங்கு கற்பித்தார். ஆனால், அவ்வுரம் எளியோரை மிதிக்கவே பயன்பட்டது. ஆகவே, தன்வளர்ச்சி தன்னளவில் நன்மையாகிவிடாது. அது யாருக்காக என்பதே வினா. தொண்டினை விருதின் உறுப்பாக்கியதன் பொருள் இதுவே.

தாலந்து உவமையில், ஐந்தைப் பத்தாக்கியவரும் இரண்டை நான்காக்கியவரும் தலைவரிடம் பெறும் பாராட்டு ஒன்றே. அவர் தொகைகளை ஒப்பிடவில்லை, உண்மையையே நோக்கினார். நம் பங்கு விழாக்களில் முதல் மூவர்க்குக் கைதட்டும்போது, இரண்டை நான்காக்கிய பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஒருகணம் தேடிப் பார்ப்போமா?