பசியை மறக்க வைத்த இரண்டு செடிகள்

மூலிகை என்றாலே கசாயம், லேகியம்தான் நினைவுக்கு வரும். ஆனால் மூலிகைக்குப் பின்னால் காப்புரிமை, ராயல்டி, ஒப்பந்தம் எல்லாம் உண்டு என்றால் நம்புவீர்களா? மலையில் ஒரு செடி, பாலைவனத்தில் ஒரு செடி... இரண்டின் கதையையும் பார்ப்போம்.

முதலில் மலை. அகத்தியர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பொதிகை மலைப் பகுதியில் காணி பழங்குடியினர் வாழ்கிறார்கள். 1987-ல் புஷ்பாங்கதன் தலைமையில் தாவர ஆராய்ச்சியாளர்கள் அங்கே சென்றார்கள். மலையேறி அவர்கள் களைத்துப்போக, வழிகாட்ட வந்த காணிகள் மட்டும் ஏதோ சிறு பழங்களைத் தின்றபடி உற்சாகமாக நடந்தார்கள்! அது என்ன என்று கேட்டபோது முதலில் சொல்ல மறுத்தார்கள். அது அவர்களுடைய குல ரகசியம். பிறகுதான் செடியைக் காட்டினார்கள். அதன் பெயர் ஆரோக்கியப்பச்சை. இதைத் தின்றால் நாள்கணக்கில் சாப்பாடு இல்லாமல் இருக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை.

திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா, இதோடு வேறு மூலிகைகளும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1990-களின் நடுவில் கோவை ஆர்ய வைத்ய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் உரிமம் தரப்பட்டது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அதற்காக 1997-ல் காணிகளின் அறக்கட்டளை பதிவானது.

இனி பாலைவனம். கலஹாரியில் வேட்டைக்குப் போகும் சான் மக்கள் பசி, தாகம் தெரியாமலிருக்க ஹூடியா என்ற முள்செடியின் தண்டை மென்றார்கள். தென்னாப்பிரிக்க அரசின் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் அதன் பசியடக்கும் பொருளுக்குக் காப்புரிமை பெற்றது. உடல் எடை குறைக்கும் மருந்தாக்கும் ஆசையில் பிரிட்டனின் ஃபைட்டோஃபார்ம், பிறகு அமெரிக்காவின் ஃபைசர் என்று உரிமம் கைமாறியது. சான் மக்களிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை! 2001-ல் விஷயம் பத்திரிகைகளில் வந்து பெரும் சர்ச்சையானது. 2003-ல்தான் ராயல்டியில் 6 சதவீதம் அவர்களுக்கு என்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு ஃபைசர் விலகியது. அடுத்து வந்த யூனிலீவரும் 2008-ல் கைவிட்டது. கனவு மருந்து சந்தைக்கு வரவேயில்லை.

காணிகளிடமும் பணம் கொட்டிவிடவில்லை. காட்டில் செடி பறிக்க வனத்துறையின் கட்டுப்பாடு வேறு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. காணிகளின் பங்கு வியாபாரத்தின் தொடக்கத்திலேயே பேசப்பட்டது. சான் மக்களின் பங்கு, சண்டைக்குப் பிறகு பேசப்பட்டது.

தலைமுறை தலைமுறையாகக் காத்த அறிவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் சொத்தாக எழுதப்படுவதில்லை. அதனால் அது யாருக்கும் சொந்தமில்லை என்று ஆகிவிடுமா?