மீட்டர் என்னும் ஆவணம்: விழிஞ்ஞத்துப் பழைய கார்களும் அவை ஓடிய தொலைவும்

விழிஞ்ஞத்தை வென்றதாகப் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் செப்பேடு கூறுகிறது. பின்வந்த சோழர் ஆவணங்களும் அவ்வூரை வென்ற பெருமையைத் தமக்கு உரியதாக்குகின்றன. கல்வெட்டாய்வாளர் இவற்றுள் எதையும் தனிச் சான்றாக ஏற்பதில்லை. பொறித்தவர் எவர், அச்செய்தியால் பயன் யாருக்கு என்று கேட்டு, பிற சான்றுகளோடு வைத்துப் பார்ப்பர். அதே ஊரில் இன்று விற்பனைக்கு நிற்கும் பழைய காரின் மீட்டரையும் அவ்வாறே படிக்க வேண்டியிருக்கிறது. அங்கே பயனடைபவர் விற்பவர். ஏமாந்தால் இழப்பது வாங்குபவரின் பல்லாண்டுச் சேமிப்பு.

ஓடிய தொலைவை எண்ணும் கருவி காரைவிட மிகப் பழையது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியர் விட்ருவியஸ், தம் கட்டடக்கலை நூலின் பத்தாம் பகுதியில் அதை விவரிக்கிறார். வண்டிச் சக்கரம் 400 முறை சுழன்றால் ஓர் உரோம மைல். மைலுக்கு ஒரு கூழாங்கல் பெட்டிக்குள் விழும். (நான்கு கற்களை எடுத்து வீசினால் நான்கு மைல் குறைந்துவிடும். கருவி தோன்றிய நாளிலேயே மோசடிக்கும் வழி இருந்தது.)

2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்ற அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். பழைய அம்பாசடர்களில் கியர் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் மீட்டருக்குச் செல்லும். பற்சக்கரங்கள் எண் உருளைகளைச் சுழற்றும். கேபிளைக் கழற்றினால் கார் ஓடும், எண் ஓடாது. ஐந்து இலக்க மீட்டரில் 99,999க்குப் பின் மீண்டும் சுழியம் வரும். 42,000 என்னும் எண் 1,42,000ஆகவும் இருக்கலாம். எவரும் கைவைக்காமலே பிறக்கும் மயக்கம் இது. உருளைகளில் எண்கள் ஒரே வரிசையில் நில்லாமல் ஏறி இறங்கியிருந்தால், மீட்டர் திறக்கப்பட்டதோ என ஐயுறலாம்.

மின்னணு மீட்டரில் அந்தத் தடயமும் இல்லை. எண் ஒரு சிப்பில் இருக்கிறது. அதை மாற்றி எழுதும் கருவிகள் உள்ளன. எனினும் சில கார்களில் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்ற வேறு உறுப்புகளிலும் அதே எண் பதிவாகிறது. ஒரு பிரதியைத் திருத்தியவர் மற்றொன்றை மறந்துவிடுவதைச் சுவடிப் பதிப்பாளர் நன்கறிவர்.

மொழியும் இங்கே தடுமாற வைக்கிறது. 'மைலேஜ் எவ்வளவு?' என்றால் நம் ஊர்களில் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதே விடையாக வரும். ஓடிய மொத்தத் தொலைவு என்னும் பொருள் வழக்கில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. கேரள ஓட்டுநருக்கோ 'ஓட்டம்' என்பது வாடகைச் சவாரி. அருகிலுள்ள கோவளம் சுற்றுலாத் தலமாதலால் இச்சொல் முக்கியமானது. வாடகை வண்டியாக இருந்து சொந்த வண்டியாக மாற்றப்பட்ட காரா என்று பதிவு வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

பதிவுச் சான்றில் எஞ்சின் எண், சேசிஸ் எண், நிறம், இருக்கை எண்ணிக்கை எல்லாம் உண்டு. ஓடிய தொலைவுக்கு இடமில்லை. அமெரிக்கா 1972இலேயே மீட்டரைக் குறைப்பதற்கு எதிராகக் கூட்டாட்சிச் சட்டம் இயற்றியது. பெல்ஜியத்தில் 2006 முதல், பணிமனைகள் ஒவ்வொரு முறையும் மீட்டர் எண்ணைப் பொதுத் தரவகத்துக்கு அனுப்புகின்றன. இந்தியாவில் 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், பழைய வண்டி வணிகர் தம்மிடமுள்ள வண்டிகளின் பயணங்களைப் பதிவுசெய்யக் கோருகின்றன. வணிகர் கைக்கு வருவதற்கு முந்தைய ஆண்டுகள் அப்பதிவில் வாரா.

ஆகவே அகச்சான்றுகளே எஞ்சுகின்றன. பிரேக் மிதியின் ரப்பர், ஸ்டியரிங்கின் வழவழப்பு, ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரம். டயரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். 2016இல் வாங்கி 18,000 கி.மீ. மட்டுமே ஓடியதாகச் சொல்லப்படும் காரில் நான்கு டயரும் 2021இல் செய்யப்பட்டவை என்றால், முதல் டயர்கள் ஏன் போயின என்று கேட்கலாம். விடை நேர்மையானதாகவும் இருக்கலாம்: நெடுநாள் நின்ற வண்டியின் டயர் வெடித்துப் போகும். பணிமனைச் சீட்டுகள் கிடைத்தால், தேதியோடு எண்ணும் இருப்பதால், வேறு விவாதம் பெரும்பாலும் தேவைப்படாது.

விழிஞ்ஞத்தில் இன்னொன்றும் உண்டு. கடலுப்பு ஓடும் வண்டியையும் நிற்கும் வண்டியையும் ஒருசேர அரிக்கிறது. உண்மையாகவே 20,000 கி.மீ. மட்டும் ஓடிய காரிலும் சைலென்சர், பிரேக் குழாய், கதவின் அடித்தகடு ஆகியவை துருவேறியிருக்கலாம். அதன்மேல் புட்டி பூசிப் பெயின்ட் அடித்திருக்கலாம். அங்கே கார் வாங்குபவர் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் கால்மிதியை விலக்கித் தரைத்தகட்டைத் தட்டிப் பார்ப்பது நல்லது.