அணுக்களுக்கு ஆணையிட்டோர்

கரி அணு ஒன்று, ஹைட்ரஜன் அணு ஒன்று. இரண்டுக்கும் இடையே சிறு கோடு. கரும்பலகையில் இதை எழுதிப் ‘பிணைப்பு’ என்கிறோம் நாம். கோடு எளிது, குழந்தையும் இழுத்துவிடும். ஆனால், அந்தக் கோட்டின் பொருளைக் காண அறிவுலகம் நூறாண்டுக்கு மேல் பாடுபட்டது. அணுவை அணு பற்றி நிற்பது ஏன்? இக்கேள்விக்கு விடை தேடினர் பலர். தேடாமலே, ‘விடை இதுவாகத்தான் இருக்கவேண்டும்’ என்று ஆணையிட்டோரும் உண்டு!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேதியியல் உலகில் பெரும்புகழ் கொண்டு விளங்கியவர் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ். நேர்மின்னும் எதிர்மின்னும் ஈர்ப்பதே பிணைப்பு என்றார் அவர். உப்புக்கு அது பொருந்திற்று. ஆனால் 1830-களின் இறுதியில், பிரெஞ்சு அறிஞர் துமா, காடிக்குப் புளிப்புத் தரும் அசெட்டிக் அமிலத்திலே ஹைட்ரஜனை நீக்கி, அவ்விடத்தில் குளோரினை அமர்த்தினார். நேர்மின் இருந்த இடத்தில் எதிர்மின்! பெர்சீலியஸ் கொள்கைப்படி அமைப்பே குலைந்திருக்க வேண்டும். குலையவில்லை, புதுப்பொருளும் அமிலமாகவே நின்றது. 1848-இல் மறையும்வரை பெரியவர் தம் கொள்கையை விடவில்லை. எனினும் என்ன? புகழ் பெரிதுதான், சான்று அதனினும் பெரிது என்பதை வேதியியல் கற்றுக்கொண்டது.

பின்னர் வந்தது புது வெளிச்சம். இரண்டு அணுக்கள் இரண்டு மின்னணுக்களைப் பொதுவில் வைத்துப் பங்கிட்டுக்கொள்வதே பிணைப்பு என்று 1916-இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் எழுதினார். அந்தப் பங்கீடு ஏன் வலிமை தருகிறது என்பதை, 1927-இல் ஹைட்லரும் லண்டனும் குவாண்டம் கணக்கால் ஹைட்ரஜன் மூலக்கூறிலே காட்டினர். அந்த அடிப்படையில் வேதியியல் முழுவதையும் விளக்க முனைந்தவர் லைனஸ் பாலிங். ‘வேதிப் பிணைப்பின் இயல்பு’ என்னும் பொருள்படும் அவரது நூல் 1939-இல் வெளிவந்தது.

அந்நூலின் கருத்துகளுள் ஒன்றுதான் பெரும்புயலை எழுப்பிற்று. பென்சீன் என்றொரு நீர்மம். அதன் மூலக்கூறிலே கரி அணு ஆறு, ஹைட்ரஜன் அணு ஆறு. ஆறு கரி அணுக்களும் வளையமாக நிற்கின்றன என்று 1865-இல் கெக்குலே கூறினார். ஒற்றைக்கோடு, இரட்டைக்கோடு என மாறிமாறி வளையத்தை வரைந்தனர். கரி அணுக்களின் ஒற்றைப் பிணைப்பு 1.54 ஆங்ஸ்ட்ராம் நீளம். இரட்டைப் பிணைப்பு 1.34. ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக்கோடியில் ஒரு பங்கு. அப்படியானால் வளையத்தின் பக்கங்கள் ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் அல்லவா இருக்கவேண்டும்? பென்சீனின் ஆறு பக்கமும் ஒரே அளவு, ஏறத்தாழ 1.40! இத்தகைய வளையம் தட்டையானது என்பதை, பென்சீன் இனத்துப் படிகம் ஒன்றை எக்ஸ் கதிரால் ஆய்ந்து 1929-இல் மெய்ப்பித்தவர் கேத்லீன் லான்ஸ்டேல் என்னும் பெண்மணி.

இதற்குப் பாலிங் தந்த விளக்கமே ‘உடனிசைவு’. இரட்டைக்கோடுகளை இடம் மாற்றி இரண்டு படங்கள் வரையலாம். தனியே எதுவும் முழு உண்மையன்று. இரண்டையும் சேர்த்தே உண்மையை உரைக்கவேண்டும் என்றார். மஞ்சளும் நீலமும் கலந்தது பச்சை என்கிறோம். அதனால், இலை ஒரு நொடி மஞ்சளாகவும் மறுநொடி நீலமாகவும் மாறுகிறது என்றா பொருள்? பென்சீனும் அப்படித்தான். மூலக்கூறு ஒன்றே, அதைச் சொல்லத்தான் இரண்டு படங்கள்.

இது பொறுக்கவில்லை சோவியத் நாட்டின் கொள்கைக் காவலர்களுக்கு! 1948-இல் லைசென்கோவின் வாய்ச்சொல்லுக்காக மரபியலை வீழ்த்திய நாடு அது. அடுத்து வேதியியலின் முறை. 1951 ஜூனில் மாஸ்கோவில் வேதியியலார் மாநாடு கூடிற்று. இல்லாத படங்களைக் கொண்டு உள்ள பொருளை விளக்குவது பொருள்முதல்வாதத்துக்கு முரண் என்பது குற்றச்சாட்டு. 1861-இல் அமைப்புக் கொள்கை உரைத்த ரஷ்ய அறிஞர் பட்லெரோவின் பெயரை வேதவாக்கென ஓதினர். பாலிங் நூலைத் தம் மக்களுக்கு அறிமுகப்படுத்திய சிர்கினும், தியாத்கினா அம்மையாரும் கண்டனக் கணைகளுக்கு இலக்காயினர்.

உடனிசைவுக்குக் குறையே இல்லையா? உண்டு. மின்னணுக்கள் மூலக்கூறு முழுவதும் பரவி நிற்கின்றன என்று கொண்டு மல்லிக்கனும் ஹுண்டும் வேறு வழி வகுத்தனர். பின்னாளில் கணக்கிடுவோர் பெரிதும் அவ்வழியே சென்றனர். அது அறிவுப்போர்; கணக்கைக் கணக்கு வென்றது. மாஸ்கோவில் நடந்ததோ விசாரணை!

மறுபுறம் ‘உரிமைத் திருநாடு’ என்று பேசப்பட்ட அமெரிக்கா என்ன செய்தது? அணுகுண்டை எதிர்த்துப் பேசிய பாலிங்மீது ‘பொதுவுடைமைக்காரர்’ என்று ஐயம் கொண்டது. 1952-இல் லண்டன் அறிவியல் கூட்டத்துக்குச் செல்லக் கடவுச்சீட்டை மறுத்தது. ஒரே மனிதர், அங்கே அவர் கருத்து குற்றம், இங்கே அவர் பயணம் குற்றம்! 1954-இல், வேதிப் பிணைப்பின் இயல்பை ஆய்ந்ததற்காக அவருக்கு நோபல் பரிசு வந்தது. அதன் பிறகே சுவீடன் செல்ல வழி திறந்தது. சோவியத் நாட்டிலும் காலம் மாறிற்று. 1964-இல் சிர்கின் அந்நாட்டு அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினரானார்.

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் இடையே பென்சீன் என்ன செய்தது? மாஸ்கோவிலும் அதே ஆறு சமப் பக்கம். வாஷிங்டனிலும் அதே ஆறு சமப் பக்கம். துன்புற்றவர்கள் மனிதர்களே.

எனவே, ‘இந்தக் கோடு என்ன, ஐயா?’ என்று நம் மாணவன் எழுந்து கேட்டால், ‘புத்தகத்தில் இருக்கிறது, எழுதிக்கொள்’ என்று அமர்த்திவிட வேண்டாம். அளவைச் சொல்வோம், அளந்தவரைச் சொல்வோம், மறுத்தவரையும் சொல்வோம். கேட்கும் பிள்ளையை அமர்த்தும் பழக்கம் வகுப்பறையில் தொடங்கினால், அது மாநாட்டு மேடைவரை வளரும்.