சிகாகோ நகரின் இதழ்களும் கவிதையும்

ஒரு நகரத்து மக்களின் மனத்தை அறிய விரும்புவோர் அந்நகரின் இதழ்களைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அமெரிக்காவின் சிகாகோ நகரம் இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

1905ஆம் ஆண்டில் இராபர்ட் அபாட் என்னும் கறுப்பினத்தவர், 25 செண்டு முதலீட்டில் 'சிகாகோ டிஃபெண்டர்' என்னும் வார இதழைத் தொடங்கினார். முதலில் அச்சானவை 300 படிகளே. பெருநாளிதழ்கள் குற்றச் செய்திகளிலன்றிக் கறுப்பினத்தாரைப் பெரும்பாலும் பொருட்படுத்தாத காலம் அது. தென் மாநிலங்களில் இவ்விதழை விற்போர்க்கு இடையூறுகள் நேர்ந்தன. ஆகவே, புல்மன் தொடர்வண்டிப் பணியாளர்கள் இதனை மறைவாகக் கொண்டு சென்றனர். முடிதிருத்தகங்களிலும் தேவாலயங்களிலும் ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். வடக்கே வருமாறு அவ்விதழ் விடுத்த அழைப்பு, பெரும் புலப்பெயர்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று.

1919ஆம் ஆண்டுக் கோடையில் நிகழ்ந்த இனக்கலவரத்தில் 38 பேர் மாண்டனர். அதற்குச் சற்று முன்னரே, 'டெய்லி நியூஸ்' நாளிதழின் செய்தியாளர் ஒருவர் கறுப்பினத்தார் குடியிருப்புகளின் நெருக்கடியை எழுதி வந்தார். அவரே கவிஞர் கார்ல் சாண்ட்பர்க்.

அடுத்து வந்தது வானொலி. 'உலகின் தலைசிறந்த நாளிதழ்' எனத் தன்னைத் தானே புகழ்ந்துகொண்ட 'டிரிப்யூன்', அத்தொடரின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு 1924இல் தன் நிலையத்திற்கு 'டபிள்யூஜிஎன்' எனப் பெயர் சூட்டிற்று. 1948இல் அதே பெயரில் தொலைக்காட்சியும் தோன்றியது. ஜாக் கூப்பர் 1929இல் வேறொரு நிலையத்தின் வழியே கறுப்பினத்தார்க்கெனத் தனி நிகழ்ச்சி தொடங்கினார்.

கவிஞர்கள் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. 'டிஃபெண்டர்' தன் பக்கங்களில் வாசகர் கவிதைகளுக்கும் இடமளித்தது. பதின்வயதுப் பெண்ணாகிய குவென்டலின் புரூக்ஸ் அங்கே எழுபதுக்கும் மேற்பட்ட கவிதைகளை வெளியிட்டார். 1950இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. சாண்ட்பர்க் வகித்த இல்லினாய் மாநில அரசவைக் கவிஞர் பதவி 1968இல் அவரை வந்தடைந்தது. ஒரே நகரின் இருவேறு இதழ்கள் வளர்த்த இரு கவிஞர்களை அப்பதவி இணைத்தது எனலாம்.

'டெய்லி நியூஸ்' 1978இல் நின்றது. 'டிஃபெண்டர்' 2019இல் அச்சை விடுத்து இணையத்தில் மட்டும் தொடர்ந்தது. 2022இல் 'சன்-டைம்ஸ்' நாளிதழைப் பொதுவானொலி நிறுவனம் ஏற்று நடத்த முன்வந்தது. ஊடகம் மாறலாம், ஆனால் பெயரறியா ஓர் இளம் கவிஞரின் முதல் வரிக்கு இடந்தரும் பக்கம் அருகுமாயின், நகரம் தன் நாளைய குரலையன்றோ இழக்கும்? சிறுபக்கங்களைப் பேணும் இலக்கிய அமைப்புகள் ஆற்றும் பணியின் அருமை இதனால் விளங்கும்.