பியூனும் பயனியரும்

போன வருஷம் எங்கள் அலுவலகத்தில் ஒரு விருது கொடுத்தார்கள். கண்ணாடிக் கட்டையில் என் பெயர், கீழே ‘பயனியர்’. குறிஞ்சிப்பாடிக்குக் கொண்டுபோனேன். “பயனியர்னா என்னடா?” என்றார் அப்பா. “முன்னோடிப்பா” என்றேன். அவர் முப்பது வருஷம் ஓர் அரசு அலுவலகத்தில் பியூன்.

அன்றிரவு சும்மா அகராதியைத் திறந்தால், இரண்டுக்கும் ஒரே வேர்! லத்தீனில் பாதத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘காலாள்’ என்றொரு சொல். அது போர்த்துகீசியர் வழியாக இங்கே வந்து பியூன். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் பயனியர். சதுரங்கத்தில் முதலில் வெட்டுப்படுகிற ‘பான்’கூட இந்தக் குடும்பம்தான்.

ஆங்கிலத்தில் பயனியர் முதலில் கௌரவப் பட்டமே இல்லை. படைக்கு முன்னால் போய் புதர் வெட்டி, பள்ளம் தூர்த்து, பீரங்கி வண்டிக்குப் பாதை போடுகிற மண்வெட்டிக்காரன். அவன் போட்ட பாதையில் தளபதி குதிரையில் வருவார்.

எங்கள் பக்கத்திலேயே அப்படியொரு போர் நடந்திருக்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் ஹைதர் அலியிடம் கம்பெனிப் படை நொறுங்கியது. இருபதே நாளில், செப்டம்பர் 30 அன்று, சென்னையில் இரண்டு பயனியர் கம்பெனிகளைத் திரட்டினார்கள். அதன் வாரிசுதான் இன்று பெங்களூருவில் இருக்கும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். அங்கே சிப்பாய்களை இன்றும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அடுத்த வருஷம் சிதம்பரம் கோயிலைப் பிடிக்கப் போய் அடிபட்டுத் திரும்பினார் அயர் கூட். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதரின் பீரங்கிகள் வழிமறித்தபோது, மணல்மேடுகளின் மறைவில் கடலோரமாகப் படையை நகர்த்தி ஜெயித்தார். அந்த மணலை நான் மிதித்திருக்கிறேன். வெறுங்காலே புதையும். அதில் பீரங்கியை இழுத்திருக்கிறார்கள். வரலாற்றில் கூட்டின் பெயர் இருக்கிறது, ஹைதரின் பெயர் இருக்கிறது. இழுத்தவன் பெயர் இல்லை.

தமிழிலும் பழைய போர்ச்சொல் உண்டு: தூசிப்படை. முன்னே போய் முதல் அடியை வாங்குகிற படை. ‘முன்னோடி’ என்று மேடையில் சொல்லும்போது நமக்கு அந்த ஆட்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை. எனக்கும் வந்ததில்லை.

பியூன் என்ற பதவிப் பெயரையும் எடுத்துவிட்டார்கள்; இப்போது ‘அலுவலக உதவியாளர்’. மரியாதைக்காகத்தான், சரிதான். ஆனாலும் காலையில் அப்பாவிடம் வேர்க்கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. “ஆபீசர் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போய் நான்தானே ஆபீஸைத் திறப்பேன்” என்றார். பிறகு கண்ணாடிக் கட்டையைத் துண்டால் துடைத்து டிவி மேல் வைத்தார்.